'சும்மா' ஃபோல்டரில் தங்கிவிட்ட நான்கு இணையதளங்கள்

என் பிரவுசரில் 'சும்மா' என்ற பெயரில் ஒரு புக்மார்க் ஃபோல்டர் இருக்கிறது. 2014 வாக்கில் தொடங்கினேன். வேலைக்கு உதவாது, ஆனால் மூடவும் மனசு வராது என்கிற தளங்களை அதில் போட்டு வைப்பேன். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டியது. போன மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. மீதியில் பெரும்பாலானவை ஒரு முறை பார்த்து வியந்துவிட்டு மறக்கிற ரகம். வருடக்கணக்காக நான் திரும்பத் திரும்பப் போகிறவை நான்குதான். நான்குமே வீட்டுக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒன்றைக் கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவை.

முதலாவது, காற்றைக் காட்டும் எர்த் நல்ஸ்கூல். கேமரன் பெக்காரியோ என்ற மென்பொருள் உருவாக்குநர் 2013இல் செய்தது. திறந்ததும் கறுப்புப் பின்னணியில் ஒரு பூமி உருண்டை, அதன் மேல் மெல்லிய கோடுகளாகக் காற்று ஓடிக்கொண்டிருக்கும். இடது கீழ் மூலையில் 'எர்த்' என்ற ஒரே ஒரு சொல். அதைத் தட்டினால்தான் மற்ற எல்லாம் திறக்கும். எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் வீசுகிறது என்று எண்ணாகக் காட்டும். அமெரிக்க வானிலை அமைப்பு வானிலையைக் கணிக்கப் பயன்படுத்தும் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரியிலிருந்து வரும் தரவு அது.

இதில் எனக்குப் பிடித்த வேலை உயரத்தை மாற்றிப் பார்ப்பது. ஜூலை மாதம் ஒரு நாள் தரைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து பருவக்காற்று அரபிக்கடலைக் கடந்து நம் மேல் வந்து மோதும். அப்படியே காற்றழுத்தம் 250 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்துக்கு, அதாவது பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, மாற்றினால் அதே ஊருக்கு மேலே காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும். ஒரே வானத்தில் இரண்டு எதிரெதிர் ஆறுகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்த நாளில் அரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

2018 நவம்பர் 15 இரவை மறக்க முடியாது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பா வீடு, ஒட்டியே தென்னந்தோப்பு. வடகோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனால் அந்தச் சுழி மேற்கே நகர்வதைப் படத்தில் பார்க்கும்போதுதான் அதன் பொருள் உறைத்தது. புயல் வருவதற்கு முன் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, அது கடந்த பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். நடுவில் கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருக்கலாம். போன் போட்டேன்.

"சித்தப்பா, காத்து அடங்கிருச்சுன்னு வெளிய போயிடாதீங்க. தெக்கேருந்து மறுபடி அடிக்கும்."

"மாட்ட இன்னும் அவுத்து விடலையேடா, இப்பவே போயி அவுத்துட்டு வந்துடுறேன்" என்றார்.

தோப்பில் பாதி போய்விட்டது. ஆட்களுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தளம் இல்லாவிட்டால் எனக்கு அந்த வாக்கியம் அன்றைக்கு வாயில் வந்திருக்காது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது பூமியைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரி. புயலின் மையத்தில் உண்மையில் அடிக்கும் வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். எங்கே எப்போது கரை கடக்கும், எப்போது வெளியேற வேண்டும் என்பதற்கெல்லாம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும். இது காற்றைப் புரிந்துகொள்வதற்கு.

இரண்டாவது, பறவை ஒலிகளுக்கான ஸெனோ-கான்டோ. ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பெயர் என்பதால் தேடும்போது கவனம். 2005இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்டது. உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் தாங்களே பதிவுசெய்த ஒலிகளை ஏற்றுகிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஏ முதல் இ வரை தரம் போட்டிருப்பார்கள். நாடு, பாட்டா அழைப்பொலியா, தரம் என்று சலித்துத் தேடலாம். ஒலிக்குப் பக்கத்திலேயே அதன் ஏற்ற இறக்கத்தைக் கீற்றுகளாகக் காட்டும் படமும் இருக்கும். கொஞ்ச நாள் பழகினால், எந்தக் கீற்று ஏறுகிறது, எது வளைந்து இறங்குகிறது என்று கேட்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். நான் அக்காக்குயிலை முதலில் அடையாளம் கண்டது அப்படித்தான். படிப்படியாக மேலேறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும் கீற்றுகள்.

எங்கள் வீட்டில் இந்தத் தளத்துக்கு மரியாதை வந்தது அம்மாவால். பின்பக்க வேப்பமரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஏதோ ஒன்று கிறீச்சிட்டுச் சண்டை போடுகிற மாதிரி கத்தும். "சாக்குருவி கத்துது, யாருக்கு என்ன ஆகப்போகுதோ" என்று அம்மா தூங்கவே மாட்டார். பகலில் ஹெட்போனை அவர் காதில் மாட்டி ஆந்தைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். நான்காவதில் கையைத் தூக்கினார். "இதுதான், இதேதான்." புள்ளி ஆந்தை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். சாயங்காலம் அதே மரப்பொந்தில் இரண்டு மஞ்சள் கண்களை அம்மாவே கண்டுபிடித்துக் காட்டினார். இப்போது அது கத்தாத ராத்திரிகளில்தான் விசாரிக்கிறார்.

ஹெட்போன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பதிவை ஸ்பீக்கரில் வைத்து மரத்தடியில் ஒலிக்கவிட்டால், வேறொரு பறவை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று அது பதறும். கூடு கட்டும் காலத்தில் அப்படிச் செய்யவே கூடாது.

மூன்றாவது ரேடியோ கார்டன். பலருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் உருவாகி 2016 டிசம்பரில் வந்தது. உருண்டையைச் சுழற்றி, பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். ஊர் விட்டு ஊர் நகரும்போது பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்புகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அப்பாவும் இதற்கு அடிமையானார். நமக்கு ராத்திரி பத்தரை ஆகும்போது சிலி நாட்டில் பகல். சமையலறையில் யாரோ காய் நறுக்கிக்கொண்டே கேட்கிற ஏதோ ஒரு நிகழ்ச்சி. மொழி புரியவில்லை என்பது குறையாகவே தெரிவதில்லை. இந்தத் தளம் எதையும் தானே ஒலிபரப்புவதில்லை, அந்தந்த நிலையத்தின் இணைய ஒலியோடு இணைத்துவிடுகிறது. அதனால் சில புள்ளிகள் ஊமையாக இருக்கும். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு, உரிமப் பிரச்சினையால் 2022 முதல் அந்நாட்டு நிலையங்கள் மட்டுமே கிடைக்கின்றன.

இப்படிப்பட்டவற்றை எங்கே பிடிக்கிறாய் என்று கேட்பார்கள். முன்பு ஸ்டம்பிள்அபான் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் தெரியாத தளம் ஒன்றில் கொண்டுபோய் விடும். 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். இப்போது வைபி, மார்ஜினேலியா என்ற இரண்டு சின்னத் தேடுபொறிகளைப் பயன்படுத்துகிறேன். தனி மனிதர்கள் ஆசையாகக் கட்டிய எளிய பக்கங்களைத்தான் இவை முன்னால் கொண்டுவரும். பத்துத் தட்டினால் ஒன்று தேறும். அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

கடைசியாக, 'நிலா ஒரே ஒரு பிக்சல் அளவு இருந்தால்' என்று பொருள்படும் பெயர் கொண்ட பக்கம். ஜாஷ் வொர்த் என்ற வடிவமைப்பாளர் 2014இல் செய்தது. நிலாவின் விட்டமான 3,474.8 கிலோமீட்டரை ஒரு பிக்சலாக வைத்து, சூரியக் குடும்பம் முழுவதையும் ஒரே நீளப் பக்கமாக விரித்திருக்கிறார். சூரியன் 400 பிக்சல். பூமி நான்குகூட இல்லை. இடையில் உள்ளதெல்லாம் கறுப்பு வெறுமை. வலது பக்கமாகத் தள்ளித் தள்ளி விரல் வலிக்கும். ஒளியின் வேகத்தில் தானாக நகரவும் ஒரு பட்டன் உண்டு.

மகள் ஏழாம் வகுப்பு. அறிவியல் புத்தகத்தில் கோள்கள் எல்லாம் கோலிக்குண்டு மாதிரி வரிசையாக ஒட்டி நிற்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதைத் திறந்து, சூரியனில் வைத்து அந்தப் பட்டனை அழுத்திக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"அப்பா, ஒளிதான் ரொம்ப வேகம்னு சொன்னீங்க. இது ஊர்ந்து போகுது?"

"இதுக்கு மேல வேகம் கிடையாதும்மா."

எட்டு நிமிடம் இருபது விநாடியில் பூமி வந்தது. வியாழனுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றேன். சரி, பார்த்தே தீருவேன் என்று லேப்டாப்பை அப்படியே சாப்பாட்டு மேசைக்குத் தூக்கிவந்து தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்தாகிவிட்டது, கறுப்புத்தான். வீட்டுப்பாடம் எழுத உள்ளே போனாள். அம்மா மேசையைத் துடைக்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏய், ஏதோ வருது பாரு" என்று கூப்பிட்டார். ஓடி வந்தாள். திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வியாழன் நகர்ந்து போகப் பதினைந்து விநாடி போல ஆயிற்று. மூன்று பேரும் நின்று பார்த்தோம். அப்புறம் மறுபடி கறுப்பு.

"சனிக்கு எவ்வளவு நேரம்ப்பா?"

"இன்னும் முப்பத்தாறு நிமிஷம்."

சார்ஜரை எடுத்துவரப் போனாள்.