பைலோரி அழற்சி: ஆன்ட்ரத்திலா, இரைப்பையின் உடற்பகுதியிலா?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஒட்டிக்கொண்டதும் இரைப்பையின் உட்சுவர் செல்கள் இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞையை விடும். அதைப் பின்தொடர்ந்து நியூட்ரோபில் வெள்ளணுக்கள் வந்து குவியும். இதுவரை எல்லோருக்கும் ஒன்றுதான். அழற்சி எங்கே மையம் கொள்கிறது என்பதில்தான் வழி பிரிகிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் என்றால், சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் குறையும். அமிலத்தைத் தூண்டும் கேஸ்ட்ரின் ஹார்மோனுக்கு அதுதான் கடிவாளம். அது தளர்ந்ததும் கேஸ்ட்ரின் ஏறும். மேலே நலமாக இருக்கும் அமிலச் செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும். அந்த அமிலம் முன்சிறுகுடலில் இறங்கிப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில், நடு இரவில் வலிக்கும்.

இரைப்பையின் நடுவிலுள்ள பெரும்பகுதியான உடற்பகுதியில் பரவினால் நேர்மாறு. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞை அமிலச் சுரப்பையே அடக்கும். ஆண்டுகள் போகப்போக அமிலச் செல்கள் அழிந்து சவ்வு மெலியும். அங்கே குடல் செல்களைப் போன்றவை முளைக்கும். வலியே இல்லாமலும் இருக்கலாம், ஆனால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் இதில்தான் அதிகம். வலியை வைத்து ஆபத்தை எடைபோடாதீர்கள்.

கிருமியை ஒழிக்காமல் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை மட்டும் நெடுங்காலம் விழுங்கினால், ஆன்ட்ரத்து அழற்சி உடற்பகுதிக்கு நகரக்கூடும். இரண்டையும் பிரித்தறிய எண்டோஸ்கோபியில் 5 இடங்களில் திசு எடுக்க வேண்டும்: ஆன்ட்ரத்தில் 2, இரண்டுக்கும் இடையிலுள்ள வளைவில் 1, உடற்பகுதியில் 2. ஆன்ட்ரத்தோடு நிறுத்தினால் இரண்டாம் வகை தப்பிவிடும். மருத்துவரைக் கேட்டு ஒமிப்ரசோலைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம்.