ஐஸ் வியாபாரி பார்த்த ஐஸ் ஹோட்டல்

திருகோணமலையில், கடலில் பலநாள் நின்று மீன் பிடிக்கிற படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். அதனால் நோர்வேயில் இருக்கிற மகள், "அப்பா, ஒரு இரவு ஐஸ் ஹோட்டலில் தங்கிப் பாருங்கோ" என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. காலம் முழுக்க ஐஸோடு கிடக்கிறவன் காசு கொடுத்து அதன்மேலேயே படுக்கிறதா? சரி, மகள்தானே காசு கட்டுகிறாள் என்று போனேன். வாடகை எவ்வளவு என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. அதிலேயே விளங்கிக் கொள்ளுங்கள்.

நோர்வேயின் நார்விக்கிலிருந்து ரயிலில் சுவீடனின் கிருனா, அங்கிருந்து யுக்காஸ்யார்வி என்ற சின்னக் கிராமம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 145 கிலோமீற்றர்.

ஹோட்டலுக்குள் போனதும் என் கண் போனது ஐஸின் தரத்துக்குத்தான். நம் தொழிற்சாலைக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு தெரியும். தகர அச்சில் தண்ணீர் நிரப்பி குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்குகிறோம். எல்லாப் பக்கமும் ஒன்றாக உறைவதால் காற்று நடுவில் போய் அகப்பட்டுவிடும். அங்கே ஐஸ் எடுப்பது டோர்னே ஆற்றிலிருந்து. அது மேலிருந்து கீழாக மெல்ல உறைகிறது. அடியில் ஓடும் நீர் குமிழிகளைக் கொண்டுபோய்விடுகிறது. ஒரு கட்டிக்கு அந்தப்பக்கம் மருமகன் நின்றார். அவருடைய ஜக்கெற்றின் சிப் பற்களைக்கூட எண்ணலாம். நாற்பது வயதில் இதைப் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பேன்!

வசந்தத்தில் ஆற்றிலிருந்து இரண்டு தொன் அளவுக் கட்டிகளாக வெட்டி, கோடை முழுக்கக் குளிர்க் களஞ்சியத்தில் வைத்து, அடுத்த குளிர்காலத்துக்குக் கட்டுகிறார்களாம். சுவரும் வளைந்த கூரையும் பனித்தூளும் ஐஸும் கலந்தது, சுண்ணாம்பு வெள்ளை. தெளிந்த கட்டி தூணுக்கும் சிற்பத்துக்கும். கலைஞர்கள் ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்குவதால் நான் படுத்த அறை இப்போது இல்லை. 2016இல் திறந்த ஒரு பகுதி மட்டும் கோடையிலும் நிற்கிறது, சூரிய மின்சாரத்தில் குளிரூட்டி.

இரவுக்கு வருவோம். வெளியே மைனஸ் முப்பது ஆனாலும் உள்ளே மைனஸ் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில்தான். பனிச்சுவருக்குள் அடைபட்ட காற்று ரெஜிபோம் பெட்டி செய்கிற வேலையைச் செய்கிறது. கட்டிலில் கலைமான் தோல். அதன் மயிரும் உள்ளே காற்றுள்ளது. மேலே தடித்த உறக்கப் பை. நான் பயந்தது ஈரத்துக்கு. நம் ஐஸ் எப்போதும் உருகிக்கொண்டே இருக்கும், அந்த நீர்தான் மீனின் சூட்டை இழுக்கும், கையை விறைக்க வைக்கும். அங்கே ஐஸ் உருகுவதே இல்லை. கையால் தடவினேன், கண்ணாடி மாதிரி காய்ந்து கிடந்தது. மூக்கு நுனியைத் தவிர எனக்குக் குளிரவில்லை. சத்தமும் இல்லை, பனி அதை விழுங்கிவிடுகிறது.

அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். எங்கள் அறைக்குள் மலசலகூடமும் இல்லை. பெட்டி படுக்கையோடு அதுவும் பக்கத்துச் சூடான கட்டடத்தில். என் வயதுக்காரர்கள் மாலையிலேயே தேநீரை நிறுத்திக்கொள்வது நல்லது. உறக்கப் பையிலிருந்து வெளியே வந்து சப்பாத்து போடுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் உண்மையான குளிர். கைபேசியை உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பற்றரி இறங்கிவிடும்.

காலையில் படுக்கைக்கே சூடாக ஒரு சிவப்புப் பழச்சாறு கொண்டுவந்து தந்தார்கள். லிங்கன்பெரியாம். புளிப்பு, நல்ல புளிப்பு.

இரண்டாம் இரவு வேண்டாம். ஒன்று ஐஸில், ஒன்று சாதாரண அறையில் என்று பதிவு செய்யுங்கள். மனைவி இரண்டையும் சாதாரண அறையிலேயே முடித்துக்கொண்டார், அவருக்கும் குறையில்லை. வடதுருவ ஒளி பார்க்க மட்டும் போகிறவர்கள் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. டிசம்பரில் சூரியனே எழாத நாட்கள் உண்டு, மார்ச்சில் வெயில் சுவர் வழியே வரும். நான் போனது பெப்ரவரி. மார்ச் கடைசியில் போனால் ஆற்றில் ஐஸ் வெட்டுவதையும் பார்க்கலாம் என்றார்கள். மகளிடம் இன்னும் கேட்கவில்லை.