ஒரு கப்ளருக்கு 22 ஸ்க்ரூ

போன வாரம் கோபியிலிருந்து மச்சான் போன் பண்ணினார், என் மனைவியின் அண்ணன். திருப்பூரில் ஒருத்தர் என்னுடைய அதே மாடல் பைக்கை விற்கிறாராம், விலை புதுசில் பாதிக்கும் கீழே வந்துவிட்டதாம். "மாப்ள, நீங்க ஆறு வருசமா வச்சிருக்கறீங்கல்ல, வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. வண்டி போர்டிகோவில் தோலுரித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது, வலது பக்கத்தை மூடுகிற பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கின் உள்காது ஒன்று உடைந்து என் கையில் இருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திம்பம் மலைக்குப் போய்விட்டு இறங்கினோம். பண்ணாரியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து சுவிட்சை அழுத்தினால் 'டக் டக்' என்கிறது, அவ்வளவுதான். 240 கிலோ வண்டி, தள்ளி ஸ்டார்ட் செய்கிற கதையே இல்லை. ஒரு லாரிக்காரர் தானாக வந்து பேட்டரி ஒயர் கொடுக்கிறேன் என்றார், நல்ல மனுஷன், ஆனால் லாரியில் இருப்பது 24 வோல்ட், அதை 12 வோல்ட் வண்டியில் கொடுத்தால் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் போய்விடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு ஆம்னி வேன்காரர் தயவில் கிளம்பினோம். ஹெட்லைட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டு, கோவை கணபதியில் இருக்கிற வீடு வரைக்கும் எங்கேயும் இஞ்சினை அணைக்காமல் வந்தேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணினால், வண்டியைப் பார்க்காமலேயே கரண்ட் உண்டாக்குகிற காயில், அதைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ரெக்டிஃபையர், ஒயரிங் செட் மூன்றும் மாற்ற வேண்டும், 38,000 ஆகும் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரியே மல்டிமீட்டரை எடுத்தேன். சார்ஜ் போட்ட பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. இஞ்சினை ஓடவிட்டு 5,000 ஆர்பிஎம் கொடுத்தால் 14-ஐத் தொட வேண்டும், என்னுடையது 12.3-லேயே நின்றது. அடுத்துப் பார்க்க வேண்டியது காயிலிலிருந்து வருகிற மூன்று மஞ்சள் ஒயர். அந்த ஒயர்களை ரெக்டிஃபையரோடு இணைக்கிற பிளாஸ்டிக் கப்ளர் இருப்பது வலது ஃபேரிங்குக்குப் பின்னால்.

என்னுடைய ஆறு வருட ஆத்திரம் முழுக்க அந்த ஃபேரிங் மேல்தான். அந்தக் கப்ளர் கையில் பிடிக்கிற அளவுதான், அதைத் தொட 22 ஸ்க்ரூவும் ஏழு கிளிப்பும் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளமும் கிடையாது. நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டு முறுக்கினால் உள்ளே எதையாவது குத்தும், அதனால் அட்டையில் ஃபேரிங் மாதிரி படம் வரைந்து அந்தந்த ஓட்டையில் அந்தந்த ஸ்க்ரூவைச் செருகி வைக்கிறேன், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். கூலன்ட் மாற்றவும் இதே வேலை, ஏர் ஃபில்டருக்குப் பாதி வேலை. பத்து நிமிட வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம்.

கழற்றிப் பார்த்தால் காயில் நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தால் மூன்று ஜோடியிலும் ஏசி வோல்ட் ஒரே அளவு, எந்த ஒயரும் பாடியில் எர்த் ஆகவில்லை. கப்ளர்தான் உருகியிருந்தது. ஒரு பின் லூசானால் அந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் லூசாகும், கடைசியில் பிளாஸ்டிக் கருகிவிடும். ரேடியேட்டரின் அனல் வெளியேறுகிற வழியில் ரெக்டிஃபையரையும் கப்ளரையும் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக்கால் மூடினால் வேறென்ன ஆகும்? அதுவும் ஷன்ட் டைப் ரெக்டிஃபையர், மிச்சக் கரண்டைச் சூடாகத்தான் தீர்க்கும். இவ்வளவு நல்ல இஞ்சினைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா?

இஞ்சினைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, 10டபிள்யூ-40 ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதைத் தவிர அது என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஆயில் டப்பாவில் பைக் ஆயிலுக்கான தர முத்திரை ஜாசோ எம்ஏ2 என்று இருக்க வேண்டும், கிளட்ச் அதே ஆயிலில் ஊறுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பிக்கலாம். பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, இதோடு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் அது ஏறுகிற சத்தத்துக்காகவே நான் தாளவாடி ரோட்டுக்குப் போவேன்.

கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று ஒயரையும் நேராகச் சேர்த்து சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். மிச்சக் கரண்டைச் சூடாக்காமல் வழியிலேயே நிறுத்திவிடுகிற சீரிஸ் டைப் ரெக்டிஃபையர் ஒன்று வாங்கி, அனல் படாத இடமாகப் பின் சீட்டுக்கு அடியில் வைக்க முடிவு செய்தேன். அதற்கு ஒரு பிராக்கெட் வேண்டும். எங்கள் தெரு முனை லேத் பட்டறை அண்ணனிடம் வரைபடத்தை நீட்டினேன். "தாள்ல என்னங்க தம்பி இருக்குது, சாமானைக் கொண்டாங்க" என்றார். சாயங்காலம் 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பிராக்கெட் தயார். ஒயர் உரசும் என்று நான் சொல்லாமலேயே ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார். 150 ரூபாய்தான் வாங்கினார். இன்றைக்கு 5,000 ஆர்பிஎம்மில் 14.2 காட்டுகிறது, அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை ஸ்டார்ட் செய்தேன்.

நேற்று ராத்திரி மச்சானைக் கூப்பிட்டு வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். அவருக்கு விவசாயம், காட்டு வேலை, இப்படி ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்துக்கொண்டு உட்கார நேரம் கிடையாது, சர்வீஸ் சென்டரை நம்பி இந்த வண்டியை வாங்கவும் கூடாது. "அப்ப உங்க வண்டியக் குடுங்க, நீங்க சரி பண்ணுனதுதானுங்களே" என்றார். தர மாட்டேன் என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

உடைந்த காது மட்டும் பாக்கி. ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டை அசிட்டோனில் கரைத்தால் பசை மாதிரி ஆகும், அதை வைத்து ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். சனிக்கிழமை ஒட்டினால் ஞாயிறு காலையில் 22 ஸ்க்ரூவையும் போட்டுவிடலாம்.