20,000 வெள்ளி கேட்டேன், 21,500 வெள்ளிக்குக் கடன் எழுதினார்கள்

எந்த வங்கி என்று கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். சொல்ல முடியாது. காரணம் பின்னால் வரும். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் கடன் பத்திரத்தைத்தான், அதில் கடனோடு சேர்த்துக் காப்பீட்டையும் ஏற்றியிருக்கிறார்களா என்று.

2022 ஜூன். தம்பி கல்யாணத்துக்கு மண்டபம், நகை, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் என்று கணக்குப் போட்டதில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) துண்டு விழுந்தது. வேலை முடிந்து வரும்போது எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு வங்கி கூடாரம் போட்டிருந்தது. இலவசக் குடை, சுற்றிவிடுகிற பரிசுச் சக்கரம் எல்லாம் இருந்தன. நின்றிருந்த பையன் என் முகத்தைப் பார்த்ததுமே, “அக்கா, ரெண்டே நிமிஷம்” என்றான். தமிழில் கூப்பிட்டால் நமக்குக் கால் நின்றுவிடுகிறது, என்ன செய்வது.

கையில் டேப்லட். அரசாங்க மின் அடையாளமான சிங்பாஸில் நுழைந்ததும், அரசாங்கத்திடம் உள்ள நம் விவரங்களை எடுத்துத் தருகிற மைஇன்ஃபோ என் பெயர், முகவரி, வருமானம் எல்லாவற்றையும் தானாக நிரப்பிவிட்டது. தானாக நிரம்பாத ஒரு கட்டம் வந்தபோது மட்டும் பையன் என்னிடம் கேட்டான்.

“வேலை பெர்மனென்டா, கான்ட்ராக்டாக்கா?”

“கான்ட்ராக்ட்தான் தம்பி. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க.”

“ஓகே, பரவால்லக்கா.” கான்ட்ராக்ட் என்ற கட்டத்தை அவனே விரலால் தொட்டான்.

இந்த விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து என்னைக் காப்பாற்றியது அதுதான்.

நாலைந்து பக்கம் தள்ளிய பிறகு வேறொரு கட்டம். அதில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது.

“இது லோன் புரொடெக்‌ஷன்கா. நாளைக்கே வேலை போச்சு, உடம்பு முடியலன்னா தவணைய இன்சூரன்ஸே கட்டிரும். மாசம் முப்பது வெள்ளி சொச்சம்தான். இது இருந்தா அப்ரூவல் சட்டுனு வந்துரும்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி… சிஸ்டம் என்ன சொல்லும்னு தெரியாதுக்கா.”

பொய் என்று அந்த வாக்கியத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் பணம் தேவைப்பட்டு நிற்கிறவள் காதில் அது எப்படி விழும் என்று அவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

அவன் பேச்சு மட்டும் என்னை மயக்கவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 2003-இல் அப்பா இறந்தபோது எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. அம்மா இரண்டு வாரம் தூங்கவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: இல்லப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாக்கித் தொகை அடைக்கப்பட்டுவிட்டது என்று. 1981-இலிருந்து மத்திய சேமநிதிக் கழகம் நடத்துகிற திட்டம் அது. சேமநிதிப் பணத்தில் வீவக வீட்டுத் தவணை கட்டுகிறவர்கள் அதில் இருந்தாக வேண்டும். அந்தக் கடிதத்தை அம்மா இன்னும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். ஆக, கடனுக்குக் காப்பீடு என்றாலே எங்கள் வீட்டில் அது நல்ல வார்த்தை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நான் ஏமாந்தேன்.

கணக்கைச் சொல்கிறேன். 20,000 வெள்ளி, வருடத்துக்கு 3.8 சதவீதம் நிலை வட்டி, நான்கு வருடம். வட்டி 3,040 வெள்ளி, மாதத் தவணை 480. (நிலை வட்டி என்றால் கடன் கரையக் கரைய வட்டி குறையாது. உண்மையான வட்டி ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். இது தனிக் கதை, இன்னொரு நாள் புலம்புகிறேன்.) எனக்கு எழுதிய கடனோ 21,500. காப்பீட்டுக் கட்டணம் 1,500 வெள்ளியை மாதாமாதம் வாங்கவில்லை. முதல் நாளே மொத்தமாகக் கடனில் ஏற்றி, அதற்கும் நான்கு வருட வட்டி போட்டுவிட்டார்கள். தவணை 516. பையன் சொன்ன “முப்பது வெள்ளி சொச்சம்” 36 வெள்ளி, அதையே 48 மாதம் கட்டினால் 1,728. காப்பீடு வாங்கக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி.

2024 மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெரிதாகப் பதறவில்லை நான், அதற்குத்தானே காப்பீடு. கோரிக்கைப் படிவம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில். கட்டாய ஆட்குறைப்புக்கு மட்டும்தான் இழப்பீடு உண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாதாம். தொலைபேசியில் பேசிய பெண்ணிடம், “அப்படின்னா எனக்கு எப்பத்தான்மா இது கிடைக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “வேலை இழப்புன்னா உங்களுக்குக் கிடைக்காது மேடம்” என்றாள். பாவம், அந்த ஒருத்திதான் இந்த விவகாரத்தில் எனக்கு நேராகப் பதில் சொன்னவள்.

அன்று ராத்திரிதான் 2022-இல் மின்னஞ்சலில் வந்த பத்திரத்தைத் திறந்தேன். இரண்டு வருடமாகத் திறக்கவில்லை, என் தப்பு. 23 பக்கம். மூன்றாம் பக்கத்தில் என் விவரங்கள், வேலை வகை: கான்ட்ராக்ட். பதினொன்றாம் பக்கத்தில் காப்பீட்டுக்கான உறுதிமொழி: நான் நிரந்தர வேலையில் இருப்பதாக உறுதியளிக்கிறேன். இரண்டும் ஒரே பத்திரம், ஒரே நாள், ஒரே கையெழுத்து. அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இந்தக் காப்பீடு வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது, கடன் ஒப்புதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்தது. சிஸ்டம் என்ன சொல்லும் என்று தெரியாதாம்!

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. அந்தக் காப்பீடு எனக்குப் பணம் தருவதற்காக எழுதப்பட்டதே இல்லை. இழப்பீடு வந்தாலும் நேரே கடன் கணக்குக்குத்தான் போகும். அவர்கள் பணம் திரும்பி வராமல் போகிற அபாயத்துக்கு நான் கட்டணம் கட்டியிருக்கிறேன், அதையும் அவர்களிடமே கடன் வாங்கி.

தூக்கம் வராமல் தேடியதில் பிரிட்டன் கதை கிடைத்தது. அங்கே இந்த வியாபாரத்தை வருடக்கணக்கில் செய்து, கடைசியில் 38 பில்லியன் பவுண்டுக்கு மேல் மக்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 29 வரை புகார் செய்யக் கெடு. பிளெவின் என்ற அம்மாளின் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் வாங்கிய கடன் 34,000 பவுண்டு, அதன்மேல் ஏற்றிய காப்பீடு 5,780 பவுண்டு. அந்த 5,780-இல் 71.8 சதவீதம் தரகு! கால்வாசியும் கொஞ்சமும்தான் காப்பீட்டுக்கே போயிருக்கிறது. அவ்வளவு பெரிய தரகை அவரிடம் சொல்லாமல் மறைத்தது நியாயமில்லை என்றார்கள் நீதிபதிகள். படித்துவிட்டு எனக்கும் நீதி கிடைத்துவிட்ட மாதிரி ஒரே பூரிப்பு. புகார்க் கடிதத்தில் அதையெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வீண் வேலை. அந்தச் சட்டம் அவர்கள் ஊர்ச் சட்டம், இங்கே செல்லாது. நீங்கள் எழுதினால் அந்த ஒன்றரைப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

என் தாத்தா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் உட்காரும் கடைக்கட்டடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை பார்க்கிற பையனாக, இருந்தவர். வரிசையாக மரப்பெட்டிகள், பெட்டிக்கு ஒரு செட்டியார், எதிரே பாயில் கடன் கேட்டு வந்தவர். வட்டி என்ன, எத்தனை மாதம், தவறினால் என்ன என்பதைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார்களாம், பக்கத்துப் பெட்டிக்காரருக்கும் கேட்கும். அவர்கள் வட்டியைக் குறைத்து வாங்கிய தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுத்தவர் ஆதாயம் பார்த்தார், வாங்கியவர் அதைத் தெரிந்தே வாங்கினார். எனக்குக் கடன் கொடுத்தவர்கள் வட்டி ஏறக்குறைய 6 சதவீதம் என்று நேராகக் கேட்டிருந்தாலும் நான் யோசித்துச் சம்மதித்திருப்பேன், இல்லையென்றால் வேறு இடம் போயிருப்பேன். விலையில் ஒரு பங்கை எடுத்து உதவி என்று பெயர் போட்டு விற்றதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதுவும் அந்த உதவி எனக்குப் பொருந்தாது என்று மூன்றாம் பக்கத்தில் அவர்களே எழுதி வைத்துக்கொண்டு.

சரி, பணத்தைத் திரும்பக் கேட்ட கதைக்கு வருகிறேன்.

முதலில், வங்கிகளை மேற்பார்க்கிற சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு எழுதினேன். தனிப்பட்ட வழக்குகளில் அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, வங்கியிடம் புகார் செய்யச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போனதில் ஒரு லாபம்: வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்று 2009-இல் ஆணையம் போட்ட வழிகாட்டி நெறிகளை 2024 மே மாதம் எல்லா நிதி நிறுவனங்களுக்கும், அவை விற்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து விரிவாக்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. வங்கிக்கு எழுதியபோது அதைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன்.

வங்கியின் பதில் ஜூலையில் வந்தது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம் இருந்தது, ஆகவே முடியாது. இதுவே இறுதிப் பதில் என்றும் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்த்து நிறையப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த கதவு அங்கேதான் திறக்கிறது. இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். 2005-இலிருந்து ராபின்சன் ரோட்டுப் பக்கம் இருக்கிறது, நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. சமரசப் பேச்சுக்கு நம்மிடம் காசு வாங்குவதில்லை. அதில் முடியாமல் நடுவர் விசாரணைக்குப் போனால் 50 வெள்ளியும் ஜிஎஸ்டியும். வக்கீல் தேவையில்லை. நடுவர் சொல்வதை நாம் ஏற்றுக்கொண்டால் வங்கி கட்டுப்பட்டாக வேண்டும், ஏற்காவிட்டால் நாம் கோர்ட்டுக்குப் போகலாம்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. ஃபேஸ்புக் குழுவில் சந்தேகம் கேட்டிருந்தேன். ஒருவர் தனிச்செய்தியில் வந்தார். “பணத்த நான் வாங்கித் தர்றேன் சிஸ்டர், முப்பது பெர்சென்ட் எனக்கு, முன்பணம் 200 வெள்ளி, இந்த க்யூஆர சிங்பாஸ்ல ஸ்கேன் பண்ணுங்க.” ஏமாந்தவர்கள் கூடுகிற இடத்தில் இரண்டாம் முறை ஏமாற்ற ஆள் காத்திருக்கிறான். இப்படி யாராவது வந்தால் பதில் போடாமல் 1799 என்ற மோசடி உதவி எண்ணில் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கிற காரியத்துக்கு எதற்கு முப்பது சதவீதம்?

ஃபிட்ரெக்கில் என் கோப்பைப் பார்த்த அதிகாரி என்னுடைய ஒன்பது பக்கக் கடிதத்தில் அக்கறை காட்டவில்லை. “எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். மூன்றையும் பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அந்தப் பையன் என்ன சொன்னான், எந்தத் தொனியில் சொன்னான் என்பதற்கெல்லாம் என்னிடம் சாட்சி இல்லை. மூன்றாம் பக்கத்துக்குச் சாட்சி தேவையில்லை. கடன் கொடுக்கும்போது என்னை ஒப்பந்த ஊழியர் என்று பார்த்த வங்கி, காப்பீடு விற்கும்போது எப்படிப் பார்க்காமல் போகும்?

நவம்பரில் சமரசமாக முடிந்தது. அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவேதான் வங்கிப் பெயர் இல்லை, தொகையும் இல்லை. அம்மா அன்று தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்றார், போனோம். இவ்வளவுதான் சொல்லலாம்.

வேலை அனுமதியில் இருக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் வங்கிக்குப் போக முடியாமல் உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடம் போகிறீர்கள். அவர்கள் மாதத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. எழுதும்போது கட்டணம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தாமதக் கட்டணம் மாதம் 60 வெள்ளிக்கு மேல் கூடாது, எல்லாம் சேர்த்து அசலுக்கு மேல் போகவே கூடாது. காப்பீடு என்று கழிக்க அந்தப் பட்டியலில் இடமில்லை. பாஸ்போர்ட்டையோ வேலை அட்டையையோ பிடித்து வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை. வாட்ஸ்அப்பில் கடன் வேண்டுமா என்று வருகிறவன் உரிமமில்லாத கடன் முதலை, அவனிடம் விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

நான் செய்யத் தவறியது ஒன்றுதான். கூடாரத்தில் நின்றபடியே, “இதை எடுத்துட்டு எவ்வளவு தவணைன்னு போட்டுக் காட்டு தம்பி” என்று கேட்டிருந்தால் 480 என்று திரையில் வந்திருக்கும். மிஞ்சிப்போனால் குடை கிடைத்திருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மின்னஞ்சலில் வந்ததை அன்றைக்கே திறந்து பாருங்கள், 14 நாள் ஓடுவதே தெரியாது. காலம் கடந்துவிட்டவர்கள் உங்கள் மூன்றாம் பக்கம் எது என்று தேடுங்கள்: வயது, வேலை, ஏற்கெனவே உள்ள நோய், ஏதாவது ஒன்று அவர்கள் கையாலேயே பதிவாகியிருக்கும்.

குடை முதல் மழையிலேயே மடங்கிப் போயிற்று. அசல் கடனில் இன்னும் 17 தவணை பாக்கி. அது நான் தெரிந்து வாங்கியது, கட்டிக்கொண்டிருக்கிறேன்.