பிக்ட்: இலவசம்தான், அலைக்குறியில் மட்டும் கவனம்

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் சேலைன் பம்புக்கான மென்பொருளைக் கொழும்பிலிருந்து சோதித்துக் கொடுப்பது என் வேலை. ஒரு மாதமாக அதற்கு மைக்ரோசொஃப்ட்டின் பிக்ட் என்ற கருவியைப் பாவிக்கிறேன். காசு கிடையாது. பார்க்க அழகும் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கவேண்டும்.

ஓட்டவேகம், பற்றரி, கதவு, குழாயில் காற்று என்று வரிக்கு ஒன்றாக எழுதி, எதிரே அதன் நிலைகளைப் போட்டால் எந்த நிலைகளைச் சேர்த்துச் சோதிப்பது என்ற பட்டியல் வந்துவிடும். எங்களிடம் ஒன்பது காரணிகள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்தால் 6912 சோதனைகள், யாருக்கு நேரம்? எந்த இரண்டு நிலையும் ஒருமுறையாவது சந்திக்கும்படி பிக்ட் அதை இருபதுக்குள் அடக்கியது. மும்மூன்றாகக் கேட்டபோது எழுபதைத் தொட்டது. அதே ஃபைலை மறுபடி ஓட்டினால் அதே பட்டியலே வரும். தணிக்கைக்கு வருபவர் முன் ஓட்டிக் காட்ட இது உதவும்.

நான் சறுக்கியது ‘~’ என்ற அலைக்குறியில். பிழையான நிலைக்கு முன்னால் அதைப் போடலாம். போட்டால், ஒரு சோதனையில் அப்படியான நிலை ஒன்றுக்கு மேல் வராது. முதல் பிழையிலேயே மென்பொருள் நின்றுவிட்டால் இரண்டாவது பிழை சோதிக்கப்படாமலே போகும், அதனால்தான் அப்படி. விண்ணப்பப் படிவத்துக்குச் சரியான ஏற்பாடு. நானும் யோசிக்காமல் ‘பற்றரி இறங்கியது’, ‘குழாயில் காற்று’ இரண்டுக்கும் குறி போட்டுவிட்டேன்.

வெள்ளவத்தை வீட்டில் இரவுச் சாப்பாட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மனைவி தாதி. சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “ஆளை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகேக்க பற்றரியும் இறங்கி, காத்தும் வந்தா, உங்கட மெஷின் எதுக்கு முதல் கத்தும்?”

என் பட்டியலில் அந்த இரண்டும் ஒரு வரியிலும் சேர்ந்து வரவில்லை. வரவும் முடியாது, நான்தான் தடுத்திருந்தேன். மறுநாள் குறிகளை எடுத்துவிட்டு ஓட்டினேன். வந்தன.

ஆனால் உள்ளீட்டைத்தான் பிக்ட் தரும். என்ன நடக்கவேண்டும் என்பதை நாம்தான் எழுதவேண்டும். அதைத் தேடித் தேவை ஆவணத்தைப் புரட்டினேன். எந்த அலாரம் முந்தவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி நாலு நாள். எக்செல்லில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.