பழைய கார்களுக்கு போலரைசர்: வன்னி வெயிலில் மூன்று வருடப் பாவனை

பொருள்: 67 மில்லிமீற்றர் வட்ட போலரைசர் ஒன்று, அதாவது லென்ஸுக்கு முன்னால் பூட்டிச் சுற்றித் தெறிப்பைக் குறைக்கும் பில்ரர் (வட்ட என்பது வடிவமல்ல, வகையின் பெயர்). பாவித்த இடங்கள்: கிளிநொச்சி, பரந்தன், வவுனியாப் பக்கத்து விளையாட்டு மைதானங்கள், கோயில் வெளிகள். எடுத்த கார்கள்: மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், இடைக்கிடை ஒரு பீஜோ 203. மூன்று கோடையும் மூன்று மாரியும் போய்விட்டன. எல்லாத் தெறிப்பையும் நீக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் முதல் நாளே ஏமாற்றம்தான். எதை நீக்கும், எதைத் தொடாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் புது லென்ஸ் வாங்குவதைவிடப் பிரயோசனம்.

முதலில் அது தொடாதது: குறோம். பம்பர், வீல் கப், கிரில், ஹெட்லைற் வளையம் எல்லாம் உலோகம். உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி, கண்ணாடியிலும் பெயின்ரிலும் தெறிப்பதுபோல முனைவாக்கம் அடைவதில்லை, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியாக மாறுவதில்லை; போலரைசர் பிடிப்பது அப்படியான ஒளியைத்தான். பில்ரரை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பம்பரில் தெரியும் படப்பிடிப்பாளர் அங்கேயேதான் நிற்பார். அதற்கு வழி உடுப்பும் நிற்கும் இடமும்தான். வெள்ளைச் சேட் போட்டால் வீல் கப்பின் நடுவில் வெள்ளைப் புள்ளியாக விழும். கடும் நிறச் சேட் போட்டால் பின்னணியோடு கரைந்துவிடும். பம்பரில் சூரியன் வெடிக்கும் புள்ளி வெளுத்துப் போனால் போகட்டும். அதைக் காப்பாற்றப் போய்க் கார் முழுவதையும் இருட்டாக்குவதுதான் பலரும் விடுகிற பிழை.

கண்ணாடியிலும் பெயின்ரிலும் கதை வேறு. ஆனால் எல்லாக் கோணத்திலும் இல்லை. கண்ணாடிப் பரப்போடு ஏறத்தாழ 34 பாகைச் சரிவில் பார்க்கும்போதுதான் தெறிப்பு முழுதாக அடங்கும். நேருக்கு நேர் நின்றால் ஒன்றும் நடக்காது, மிகச் சரிவாகப் பார்த்தாலும் பலன் குறைவு. பத்து மீற்றர் தள்ளி, ஹெட்லைற் உயரத்துக்குக் குந்தியிருந்து எடுத்தால் பொனட்டின் மேற்பரப்பை நாலைந்து பாகையில்தான் கமரா பார்க்கிறது. அங்கே போலரைசர் இருப்பதும் இல்லாததும் ஒன்று. அதே இடத்திலிருந்து பக்கக் கதவும் கதவுக் கண்ணாடியும் நல்ல கோணத்தில் வரலாம். பொனட்டுக்குள் தெரியும் வானத்தை எடுக்க வேண்டுமென்றால் கிட்டப் போய் எழும்பி நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கலைக் கடைக்காரர் சொல்வதில்லை. கிடையான பொனட்டில் தெறிக்கும் ஒளியும் நிமிர்ந்த கதவில் தெறிக்கும் ஒளியும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் முனைவாகியிருக்கும். கதவுக்குச் சரியாகச் சுற்றினால் பொனட்டில் வானம் பளிச்சென்று நிற்கும், பொனட்டுக்குச் சுற்றினால் கதவில் பக்கத்துக் கார் தெரியும். ஒரே படத்தில் இரண்டும் சரிவராது. முக்காலியில் வைத்து, கமராவை அசைக்காமல், கதவுக்கு ஒன்று, முன் கண்ணாடிக்கு ஒன்று, பொனட்டுக்கு ஒன்று என்று மூன்று படம் எடுத்துக் கணினியில் அடுக்காகப் போட்டு வேண்டிய பகுதியை மட்டும் விடுவதுதான் வழி. மூன்றுக்கும் ஒரே ஷட்டர், ஒரே ஐஎஸ்ஓ, ஒரே குவியம். தானியங்கியில் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெளிச்சத்தில் வந்து அடுக்கும்போது தழும்பு தெரியும்.

முன் கண்ணாடியில் மொடலுக்கு மொடல் வித்தியாசம் உண்டு. 1956 வரை வந்த மொரிஸ் மைனரில் நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். இரண்டும் வெவ்வேறு பக்கம் பார்ப்பதால் ஒன்று தெளிந்து ஸ்ரேறிங் தெரியும்போது மற்றதில் வானம் மிச்சமிருக்கும். அதன்பின் வந்த மைனர் 1000 இல் ஒற்றை வளைந்த கண்ணாடி. நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல் என்று படிப்படியாக மாறும், கண்ணை உறுத்தாது. 1952 முதல் 1954 வரை வந்த ஏ40 சொமர்செற் உடம்பெல்லாம் உருண்டை. அதில் தெறிப்பு பட்டி பட்டியாகத்தான் அறும். அந்தக் காருக்கு பில்ரரைக் கழற்றிவிட்டு எடுப்பதே அழகு.

முழு அளவுக்குச் சுற்றுவது புதியவர்களின் வழக்கம். காரின் உருவத்தைக் கீறிக் காட்டுவதே தெறிப்புத்தான். மட்காட்டின் வளைவு, கதவின் நெடுக்கே ஓடும் தோள் கோடு எல்லாம் வானத்தின் வெளிச்சம் வழுகும் இடங்கள். அதை முழுக்க எடுத்துவிட்டால் கார் கடதாசியில் வெட்டி ஒட்டினதுபோல நிற்கும். உச்சத்துக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஒரு 20, 30 பாகை திருப்பி விடுவது எமக்குச் சரிவந்த அளவு.

பெயின்ரைப் பற்றியும் ஒன்று. இங்கே ஓடும் பழைய கார்களில் பல, பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் ஓடி, இடத்துக்கு இடம் தகரம் வெட்டி ஒட்டி, கையால் பெயின்ர் அடித்துப் பிழைத்தவை. தெறிப்புத்தான் நெளிவையும் பட்டி வைத்த மேட்டையும் காட்டிக்கொடுக்கும்; போலரைசர் போட்டால் நெளிவு மறையும். ஆனால் தெறிப்புப் போனதும் அடிநிறம் வெளியே வரும், முன் கதவும் பின் கதவும் வேறு வேறு காலத்துப் பெயின்ர் என்பது அப்பட்டமாகத் தெரியும். சொந்தக்காரருக்கு எது விருப்பம் என்று கேட்டுவிட்டுச் சுற்றுவது மரியாதை.

பக்கக் கண்ணாடிகளில் சில நேரம் வரிசையாகக் கரும் புள்ளிகளோ நிறக் கோலமோ தெரியும். கண்ணாடி பழுதில்லை. சூடாக்கி வேகமாகக் குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடிக்குள் இருக்கும் தகைப்புத்தான் (உள்ளிறுக்கம்) போலரைசர் வழியே தெரிகிறது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியில் வானவில்லும் வரும். சுற்றைக் கொஞ்சம் மாற்றினாலோ இரண்டடி தள்ளி நின்றாலோ குறையும். பிறகு கணினியில் அழிப்பது பெரும்பாடு.

வன்னியின் வெளிச்சம் இரக்கமில்லாதது. சூரியன் நிமிர்ந்து ஏறுவதால் உதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் மென்மை போய்விடும். காலை ஏழேகாலுக்குள்ளும் மாலை ஐந்தேகாலுக்குப் பிறகும்தான் பெயின்ர் பெயின்ராகத் தெரியும். கார்களோ ஒன்பதுக்குப் பிறகுதான் வந்து நிரையாக நிற்கும், அது வேறு கதை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். கூரை வெளுத்து, மட்காட்டுக்குள் ரயர் காணாமல் போகும். அந்த நேரத்தில் முழுக் காரை விட்டுவிட்டு டாஷ்போர்ட், பட்ஜ், இலக்கத் தகடு என்று சில்லறை வேலை பார்க்கலாம். வானம் கடும் நீலமாக வேண்டுமானால் சூரியனுக்குச் செங்கோணத்தில் பார்க்க வேண்டும். காலையில் அது வடக்கும் தெற்கும். ஏ9 ஓரமாக நிரையாக விட்ட கார்களுக்கு இது வாய்ப்பு, வீதி ஓடுவதே பெரும்பாலும் அந்தத் திசையில்தான். 24 மில்லிமீற்றருக்குக் கீழே அகல லென்ஸில் மட்டும் வானத்தை நம்பவேண்டாம். ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும்.

கிறவல் தரை வெள்ளைக் காரின் அடிப்பகுதியைச் செம்மஞ்சளாக்கும். பெயின்ரில் தெறித்து வருவதைச் சரியான கோணத்தில் போலரைசர் பாதியாவது குறைக்கிறது. வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கமரா செய்யும் நிறத் திருத்தம்) தானியங்கியில் விடாமல் 5200 கெல்வினில் பூட்டிவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறாது. வெள்ளைக் காருக்குக் கமராவின் வெளிச்சத் திருத்தத்தை +0.7, கறுப்புக்கு −0.7 என்று தள்ளித் தொடங்கலாம்.

பில்ரர் ஒன்றரை ஸ்ரொப் அளவு வெளிச்சம் தின்னும் (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). கொதிக்கும் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 இல் 1/400 கிடைத்த இடத்தில் 1/125 அல்லது 1/160 தான் வரும். காலை ஏழு மணிக்கு ஐஎஸ்ஓ 400 க்கு ஏறத்தான் வேண்டும். ஏபிஎஸ்சி (சிறிய சென்சர்) கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸோடு முக்கால் பக்கமாக ஒரு மொரிஸ் மைனரை எடுக்கப் பத்து, பதினொரு மீற்றர் வெளி தேவை. அந்தத் தூரத்தில் எஃப்/4 இலும் கார் முழுவதும் கூராக விழும். இடம் இல்லையென்று 18 மில்லிமீற்றரில் கிட்டப் போனால் கிரில் வீங்கி, பின்பக்கம் சூம்பிப்போகும். எடுக்கமுன் "அண்ணை, ஸ்ரேறிங்கை ஒருக்கா மற்றப் பக்கம் ஒடிச்சு விடுறியளோ?" என்று கேட்டால் போதும். கமரா நிற்கும் பக்கத்துக்கு எதிரே சில்லுத் திரும்பினால் ரிம் முகம் காட்டும். இல்லாவிட்டால் வெறும் ரயர்ப் பூதான் தெரியும்.

கனோன் 50 மில்லிமீற்றர் எஃப்/1.8 எஸ்ரிஎம் லென்ஸின் வாய் 49 மில்லிமீற்றர். 49 இலிருந்து 67 க்குப் பெருப்பிக்கும் வளையம் ஒன்று போட்டால் ஒரே பில்ரர் போதும். வளையத்தோடு ஹூட் பூட்ட முடியாது. தொப்பியால் நிழல் பிடிக்கலாம். சுற்றும்போது இறுகும் பக்கமாகவே சுற்றுங்கள், கமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு அது இடப்பக்கம். மற்றப் பக்கம் சுற்றிச் சுற்றி பில்ரர் கழன்று கிறவலில் விழுவது அடிக்கடி நடப்பது. இறுகிப்போனால் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை ஓரத்தில் சுற்றித் திருப்பினால் கழரும்.

மூன்று வருடத்தில் தேய்ந்தது என்று பார்த்தால், சோளகம் வீசும் மாதங்களில் புழுதி இரண்டு வளையத்துக்கும் இடையில் போய் கறகறத்தது. காற்றுப் பந்தால் ஊதித்தான் எடுக்க வேண்டும். ஈரத்துணி போட்டால் மண் இன்னும் உள்ளே போகும். கண்ணாடியிலும் அப்படித்தான், ஊதிய பிறகே துடைக்கலாம். ஓரத்தில் எண்ணெய் பட்டதுபோல ஒரு மெல்லிய வளையம் விழுந்திருக்கிறது. நடுவில் இருக்கும் படலம் சூட்டில் விடுபடத் தொடங்கும் அடையாளம் அது. பூட்டிய காரின் டாஷ்போர்ட்டில் ஒருபோதும் வைக்கக்கூடாது. மாரியில் பூஞ்சணம் வராமல் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தவிட்டுத் தூசி வரும்.

கடையில் வாங்கும்போது பில்ரரின் புரியுள்ள பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கிப் பிடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். எதிரே தெரியும் பில்ரர் கறுத்தால் வட்ட போலரைசர். திருப்பிப் பிடித்தும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரித் தெளிவாகத் தெரிந்தால் அது நேர்கோட்டு வகை அல்லது வெறும் சாம்பல் கண்ணாடி. நேர்கோட்டு வகை சில எஸ்எல்ஆர் கமராக்களின் குவியத்தையும் ஒளியளவையும் குழப்பும். போனில் எடுப்பவர்களுக்குத் தனி பில்ரர் தேவையில்லை, போலரைஸ் செய்த வெயில் கண்ணாடி ஒன்றைப் போன் லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாலே கதவுக் கண்ணாடிக்குள் சீற் தெரியும்.