மலேரியா ரேபிட் டெஸ்ட் கிட்: கோடு வந்தால் மட்டும் போதாது

காய்ச்சல் உள்ளவர்களை வீடு வீடாகத் தேடிப் போய்ப் பரிசோதிக்கிற வேலை என்னுடையது. அதனால் இந்த கிட்டில் இருக்கிற சோதனை அட்டையை எத்தனை முறை பிரித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இரண்டு மூன்று தயாரிப்புகள் கை மாறிவிட்டன, எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, குறையும் நிறையும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் நிறைய இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விரலில் குத்தி 5 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்தால் போதும், ஒரு முழுச் சொட்டுகூட இல்லை. அதைக் குழியில் விட்டு, பக்கத்துக் குழியில் பஃபர் என்ற கரைசலை விட்டு, 15 அல்லது 20 நிமிடம் காத்திருந்தால் கோடாக முடிவு தெரிந்துவிடும். கரண்டு வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி, அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பின காலத்தில் முடிவு திரும்பி வருவதற்குள் ஆள் வேறு எங்கேயாவது கூலி வேலைக்குப் போயிருப்பார், அவரோடு கிருமியும் போயிருக்கும். காய்ச்சல் என்றாலே குத்துமதிப்பாக மலேரியா மாத்திரை கொடுக்கிற பழக்கமும் இருந்தது. சந்தேகப்படும் எல்லாரையும் சோதித்துவிட்டுத்தான் மருந்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சொன்னது, அது நடைமுறைக்கு வந்ததே இந்த அட்டையால்தான்.

சரி, குறைகள். பெட்டியில் 25 அட்டை, பஃபர் மட்டும் ஒரே குப்பி. தாராளமாகச் சொட்டு விட்டால் கடைசி நாலைந்து அட்டைக்குப் பஃபர் இருக்காது. எங்கள் குழுவில் ஒருவர் பஃபருக்குப் பதில் சலைன் (உப்புநீர்) விட்டுச் சமாளித்தார், அன்றைக்கு வரிசையாக எல்லாருக்கும் பாசிட்டிவ்! தனித்தனி பஃபர் குப்பி வருகிற பெட்டி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். அப்புறம் வெயில். 30 டிகிரி வரை தாங்கும் வகையும் உண்டு, 40 வரை தாங்கும் வகையும் உண்டு, ஆனால் வண்டிப் பெட்டிக்குள் மதியம் என்ன சூடு இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டுப்போன அட்டை அதை வெளியே காட்டிக்கொள்ளவும் செய்யாது. எல்லா அட்டையிலும் வர வேண்டிய கன்ட்ரோல் கோடு வந்துவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். திரவம் ஓடியது என்பதற்குத்தான் அது சாட்சி, ரத்தமே விடாமல் பஃபர் மட்டும் விட்டாலும் அது வரும். (பேச்சு சுவாரசியத்தில் ஒரு முறை நானே அப்படிச் செய்திருக்கிறேன்.)

பெரிய சிக்கல், பால்சிபேரம் என்ற ஆபத்தான மலேரியா கிருமி வகையைக் காட்டும் கோட்டில்தான். பெரும்பாலான அட்டைகள் தேடுவது எச்ஆர்பி2 என்ற புரதத்தை. கிருமி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். மாத்திரை முழுவதும் தின்று குணமான ஒருவரிடம் மறுபடி பாசிட்டிவ் காட்டி, மருந்து வேலை செய்யவில்லை என்று அந்தக் குடும்பமே பயந்துபோனது, ஸ்லைடு பார்த்த பிறகுதான் அடங்கியது. இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமிகளைப் பெருவில் கண்டுபிடித்து 2010இல் வெளியிட்டார்கள், எரித்திரியாவில் அது பரவி 2016இல் அட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆள் நடுங்கிக்கொண்டிருப்பார், அட்டை நெகட்டிவ் என்று சாதிக்கும். அந்த மாதிரி இடங்களில் எல்டிஹெச் என்ற வேறொரு கிருமிப் புரதத்தைத் தேடுகிற வகையை வாங்க வேண்டும்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா கிருமி வகையின் கதை வேறு. ஈரலில் தூங்கிக் கிடக்கிற கிருமியை ரத்தச் சொட்டில் தேடி என்ன பயன்? அதே போல, காய்ச்சலே இல்லாமல் கொஞ்சமாகக் கிருமியைச் சுமந்து திரிகிறவர்களையும் அட்டை பெரும்பாலும் தவறவிடும், மைக்ரோலிட்டருக்கு 100, 200 கிருமிக்குக் கீழே போனால் கோடு வருவது சந்தேகம். காய்ச்சல்காரரைப் பிடிக்க இது அருமையான கருவி, மலேரியாவை ஒழிக்கும் கட்டத்தில் மிச்சமிருக்கிற கடைசிக் கிருமியைத் தேட இதை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

இன்னொன்று, கிட் பாசிட்டிவ் காட்டுமே தவிர அவரை எங்கே கொசு கடித்தது என்று சொல்லாது. இரண்டு வாரத்துக்கு முன் எங்கே படுத்தார், காட்டுக்குப் போனாரா, வலைக்குள் தூங்கினாரா என்று நாம்தான் கேட்டு எழுத வேண்டும். சீனாவில் 1-3-7 என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 1 நாளுக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும், 3 நாளுக்குள் விசாரணை, 7 நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றும் வாங்கினார்கள். நாங்களோ மாதக் கடைசியில் பதிவேட்டை மொத்தமாக நிரப்புகிறோம்.

அட்டையின் ஓரத்தில் பெயரும் தேதியும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள், ரத்தம் விடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முடிவைப் பார்த்த நேரத்தைப் பிறகு சேர்த்துவிடுங்கள். அரை மணி கழித்துத் தெரிகிற மங்கல் கோட்டை வைத்து யாருக்கும் மருந்து கொடுக்காதீர்கள்.